மலை மூச்சு விடும் இடம்

பாய்லர் மெக்கானிக் அன்று காலை ஏழு மணிக்கே மலை ஏறினார். மதியம் இரண்டு மணி ஜீப்பில் இறங்கிவிட வேண்டும். கீழே பிரசவ ஆஸ்பத்திரியில் மூன்று நாளாக வெந்நீர் வரவில்லை. நான்கு மணிக்குள் வந்து பார்ப்பதாக அங்கிருந்த தலைமை நர்ஸிடம் வாக்குக் கொடுத்திருந்தார். மேலே ரிசார்ட்டில் இருந்ததோ சின்ன வேலை. போனில் கூப்பிட்ட பெண் எல்லாவற்றையும் தெளிவாகச் சொல்லியிருந்தாள். பாய்லரின் சேஃப்டி வால்வு ஆறு வாரமாகச் சீறிக்கொண்டே இருக்கிறது, பிரஷர் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுத் தொட்டு வருகிறது, வால்வு முக்கால் அங்குலம், தெர்மோஸ்டாட்டும் போயிருக்கலாம்.

முப்பது வருடத் தொழிலில், "ஏதோ சத்தம் வருது" என்பதற்கு மேல் சொல்லத் தெரிந்த ஒரு வாடிக்கையாளரை அவர் பார்த்ததில்லை. அந்த மகிழ்ச்சியிலேயே புது வால்வையும் தெர்மோஸ்டாட்டையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். பாய்லர் ஆறுவதற்கு இரண்டு மணி நேரம், வேலைக்கு அரை மணி நேரம். மிச்ச நேரத்தில் மலையைப் பார்க்கலாம் என்றுகூட நினைத்தார்.

வாசலில் ஒரு பலகை இருந்தது. 'இது விடுதி அல்ல. குடும்பம்.' அதன் கீழே காவலாளி ஒரு தடித்த ரிஜிஸ்டரோடு உட்கார்ந்திருந்தார். முதலில் செல்போனை வாங்கி ஒரு மரப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். செல்போன் அங்கே 'ஓய்வெடுக்கும்' என்றார். பிறகு ஷூவைக் கழற்றச் சொல்லித் துணிச் செருப்பு ஒரு ஜோடி கொடுத்தார். கொதிக்கிற தண்ணீர் சொட்டுகிற இடத்தில் துணிச் செருப்போடு எப்படி நிற்பது என்று மெக்கானிக் கேட்டதற்கு, இந்த மண்ணுக்குத் தோல் பிடிக்காது என்று ரிசார்ட்டை நிறுவிய பெரியவர் சொல்லியிருப்பதாகப் பதில் வந்தது.

அடுத்து கருவிப் பை. உள்ளே கொண்டுபோகும் ஒவ்வொரு பொருளையும் ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். பொருளின் பெயர், எண்ணிக்கை, எழுப்பும் ஒலி என்று மூன்று பத்தி. காவலாளி ஸ்பேனரை எடுத்துத் தூண் மீது தட்டிப் பார்த்து 'டிங்' என்று எழுதினார். சுத்தியலைத் தட்டி 'டொக்' என்று எழுதினார். நூல் உருண்டையைத் தூணில் இரண்டு முறை தட்டிவிட்டு ஒரு கோடு போட்டார். பதினெட்டுக் கருவிகள் முடிய முக்கால் மணி நேரம் ஆனது.

கடைசியாக, வந்த நோக்கம். ரிஜிஸ்டரில் நான்குதான் அச்சடித்திருந்தது: அமைதி, தேடல், துக்கம், தேனிலவு. ரிப்பேர் என்று ஒன்று இல்லை. காவலாளி நல்ல மனுஷன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "வால்வுல என்ன கோளாறுன்னு தேடத்தானே போறீங்க?" என்று சொல்லித் தேடலில் டிக் அடித்தார்.

தேடல் என்று டிக் அடித்துவிட்டால் அறிமுக வகுப்பில் உட்கார்ந்தே ஆக வேண்டும் என்பது மெக்கானிக்குக்கு உள்ளே போன பிறகுதான் தெரிந்தது. வரவேற்பும் மௌனமும் பெரியவரின் மகள் பொறுப்பில் இருந்தன. அவள் பேசுவது இரண்டடி தள்ளி நின்றால் கேட்காது. இங்கே வேலைக்காரர் என்று யாரும் இல்லை, எல்லோருமே விருந்தாளிதான், அதனால் எல்லோருக்கும் ஒரே விதிதான் என்று அவள் கிசுகிசுத்தாள். நிறுவனர் பெரியவரை எல்லோரும் 'அப்பா' என்றுதான் கூப்பிட வேண்டும். சத்தமாகப் பேசினால் சிவப்பு அட்டை. மூன்று சிவப்பு அட்டை வாங்கினால் இரவுச் சாப்பாட்டைத் தனியாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.

வட்டமாக உட்கார்ந்திருந்த ஏழு விருந்தாளிகளும் தாங்கள் எதை விட்டுவிட வந்திருக்கிறோம் என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். ஒருவர் கோபத்தை. ஒருவர் பழைய வேலையை. ஒரு பெண்மணி தன் அக்காவை. மெக்கானிக்கின் முறை வந்தபோது, இரண்டு மணி ஜீப்பைப் பிடிக்க வேண்டும், தயவுசெய்து பாய்லர் எங்கே இருக்கிறது என்று காட்டுங்கள் என்றார். ஏழு பேரும் சத்தமில்லாமல் இரண்டு கையையும் உயர்த்தி ஆட்டினார்கள். அங்கே கைதட்டுவது அப்படித்தான். மகள் தன் நோட்டில், 'அவசரத்தை விட வந்திருக்கிறார்' என்று எழுதிக்கொண்டாள்.

வகுப்பு முடிந்தபோது மணி பத்தரை. துணி துவைக்கும் மெஷின்களின் சத்தத்தை வைத்து அவரே வழி கண்டுபிடித்துக் கீழ்த்தளத்துக்கு இறங்கினார். அங்கே, ஈரப் போர்வைகளின் குவியலுக்கு நடுவில், கையை முழங்கை வரை மடக்கிவிட்டுக்கொண்டு நின்றவள்தான் போன் பண்ணியவள். பெரியவரின் மூத்த மருமகள். வீட்டில் எல்லோருக்கும் அவள் அண்ணி. மாமனார்கூடப் பழக்கத்தில் அண்ணி என்றுதான் கூப்பிடுவார். நாற்பது அறைகளின் விரிப்புகளும் உறைகளும் துண்டுகளும் அவள் கையில்தான் வெளுத்தன. சுவரில் அவளுடைய துறையின் பெயர் எழுதியிருந்தது: 'நீரோடு ஒரு தியானம்'.

அவள் நேரத்தை வீணாக்கவில்லை. பக்கத்து அறையின் கம்பி ஜன்னலைக் காட்டினாள். உள்ளே பாய்லர். ஸ்ஸ்ஸ் என்று வால்வு சீறிக்கொண்டிருந்தது. முள் சிவப்பிலேயே நின்றது. தொட்டுத் தொட்டு வந்த காலம் போய் நான்கு நாளாக அப்படியே நிற்பதாக அவள் சொன்னாள்.

"பர்னரை நிறுத்துங்க, முதல்ல ஆறட்டும்," என்றார் மெக்கானிக்.

சுவிட்சு உள்ளே இருந்தது. கதவு பூட்டியிருந்தது. கதவின் மேல் பச்சை நிறத்தில் ஒரு பலகை: 'இயற்கை வாழிடம் எண் 7. மனிதர் நுழையக் கூடாது.' சாவி இளையவரிடம் இருந்தது.

இளையவர் என்பது பெரியவரின் இரண்டாவது மகன். இயற்கை அவருடைய துறை. தோட்டத்தில் ஒரு பாறைக்குப் பக்கத்தில் அவர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். பாய்லர் அறையின் காற்றுத் துவாரத்தில் ஒரு பறவை கூடு கட்டத் தொடங்கியதைத் தானே கண்ணால் பார்த்ததாகவும், இருபத்தொரு நாளைக்கு அங்கே யாரும் கால் வைக்கக் கூடாது என்றும் சொன்னார். அந்தச் சூட்டில் பறவை இன்னும் இருக்கிறதா என்று மெக்கானிக் கேட்டார். பறவை அடுத்த நாளே போய்விட்டதாம். ஆனால் வாழிடம் வாழிடம்தான், பலகை அடித்தாகிவிட்டது.

"இயற்கையை நாங்க தொந்தரவு பண்றதே இல்லைங்க," என்றார் இளையவர். "இந்தக் கட்டடத்துக்கு முன்னூறு மரம் வெட்டினோம். ஒவ்வொண்ணா ஏறிப் பாத்து, கூடு இல்லைன்னு உறுதி பண்ணிட்டுத்தான் வெட்டினோம். வேற யாரு அப்படிப் பண்ணுவாங்க, சொல்லுங்க."

மெக்கானிக் பூட்டிய கதவுக்கே பேச்சைத் திருப்பினார். கதவை மட்டும் திறக்கும்படி மூன்று விதமாகக் கேட்டுப் பார்த்தார். கதவு தன்னுடையது, ஆனால் பாய்லர் அண்ணனுடையது, அண்ணன் எழுத்தில் கேட்டால் பரிசீலிக்கலாம் என்று பதில் வந்தது. அண்ணனும் தம்பியும் நாலு வருடமாக நேரில் பேசிக்கொள்வதில்லை என்பதையும், வரவேற்பறை அறிவிப்புப் பலகையில் சீட்டு ஒட்டித்தான் பேசிக்கொள்கிறார்கள் என்பதையும் தோட்டக்காரர் போகிற வழியில் சொன்னார். வெளியாட்கள் அவற்றைத் தினசரிச் சிந்தனை என்று நினைத்துக்கொள்வார்களாம். அன்று ஒட்டியிருந்த சீட்டில், 'எடுத்த ஏணியைத் திருப்பி வைப்பதே நன்றியின் முதல் படி' என்றிருந்தது.

மூத்தவர், அதாவது அண்ணியின் கணவர், நிர்வாகத்தைக் கவனித்தார். அவருடைய அறையில் மட்டும் நாற்காலி இருந்தது. மெக்கானிக் நிலைமையைச் சொன்னதும், அவர் ரொம்பப் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு சந்தேகம் கேட்டார். புது வால்வு மாட்டினால் சத்தம் நின்றுவிடுமா? நின்றுவிடும் என்றார் மெக்கானிக், அதற்குத்தானே வந்தேன் என்று பெருமையோடு.

"அதுதான் பிரச்சனை," என்றார் மூத்தவர்.

அவர் எழுந்து மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு ஒரு கூடத்துக்குப் போனார். வெளிச்சம் குறைவாக இருந்தது. முப்பது பேர் கண்ணை மூடிக்கொண்டு, ஒரு சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் அழகான எழுத்தில், 'மலை மூச்சு விடும் இடம்' என்றிருந்தது. சுவருக்குள்ளிருந்து மெல்லிசாக ஸ்ஸ்ஸ் என்று வந்தது. ஒரு வயதான மனிதரின் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. மெக்கானிக் மனதுக்குள் படியையும் திருப்பங்களையும் கூட்டிப் பார்த்தார். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் பாய்லர். அவர்கள் கேட்டுக்கொண்டிருந்தது சேஃப்டி வால்வை.

மூத்தவர் வெளியே வந்து விளக்கினார். முதல் இரண்டு வாரம் அவர்களும் அதைக் கோளாறு என்றுதான் நினைத்தார்களாம். பிறகு ஒரு விருந்தாளி, மலை மூச்சு விடுவதைக் கேட்டேன், என் வாழ்க்கையே மாறிவிட்டது என்று வருகைப் புத்தகத்தில் எழுதிவிட்டுப் போனார். இப்போது இனி வரும் மூன்று மாதத்துக்கும் இடமில்லை. ரொம்பத் தூரத்திலிருந்தெல்லாம் வருகிறார்கள்.

"வெந்நீர் வரணும். பிரஷரும் குறையணும். சத்தம் மட்டும் அப்படியே இருக்கணும்," என்றார் மூத்தவர். "உங்க தொழில்ல அதுக்கு ஏதாவது வழி இருக்குமே."

 மெக்கானிக் நிதானமாக, பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னார். "சார், அது கத்துற வரைக்கும் உங்களைக் காப்பாத்திட்டிருக்குன்னு அர்த்தம். யாரும் ரிப்பேர் பண்ணாம அது தானா நின்னுச்சுன்னா, அந்தச் சுவர் பக்கத்துல ஒருத்தரும் இருக்கக் கூடாது."

மூத்தவர் இதைக் குறித்துக்கொண்டார். தன்னால் முடிவெடுக்க முடியாது, அப்பாதான் சொல்ல வேண்டும் என்றார். அப்பாவை ஒரு மணிக்குத்தான் பார்க்கலாம்.

ஒரு மணி என்பது இரண்டு மணி ஆனது. மெக்கானிக் துணிச் செருப்போடு நடையில் முன்னும் பின்னும் நடந்தார். நடக்கிற வேகத்துக்காக ஒரு சிவப்பு அட்டை வாங்கினார். ஆஸ்பத்திரிக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், போனைக் கொடுங்கள் என்று கேட்டதற்கு, ஓய்வெடுக்கும் போனை எழுப்பப் பெரியவரின் கையெழுத்து வேண்டும் என்றார்கள். கதவு திறந்து அவரை உள்ளே கூப்பிட்ட நேரத்தில் மலைப்பாதையில் ஜீப் இறங்கும் சத்தம் கேட்டது.

பெரியவர் வெள்ளை உடையில் ஒரு மெத்தை மேல் உட்கார்ந்திருந்தார். மெக்கானிக்குக்கு ஐம்பத்திரண்டு வயது, பெரியவருக்கு அதைவிடப் பத்துப் பன்னிரண்டு கூடுதலாக இருக்கலாம். "வா மகனே," என்றார். மெக்கானிக் பாய்லரைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நான் இதைத் தொழிலா நடத்தலை. இது குடும்பம். இங்கே முதலாளி கிடையாது, தொழிலாளி கிடையாது. அதனாலதான் சம்பளம்ங்கிற பேச்சே இந்த வீட்டுல வந்ததில்லை. எல்லாரும் சேர்ந்து முடிவெடுப்போம். நான் என்ன முடிவு பண்ணணும்னு எல்லாரும் சேர்ந்து சொல்லுவாங்க."

அப்படியே குடும்ப சபை கூட்டப்பட்டது. அது தனியாக நடக்கும் என்று மெக்கானிக் நினைத்தார். ஆனால் சபை விருந்தாளிகளின் நிகழ்ச்சி நிரலில், 'குடும்பத்தோடு ஒரு மணி நேரம்' என்ற பெயரில் இருந்தது. கொஞ்சம் பேர் பார்க்க வந்து உட்கார்ந்தார்கள். மூத்தவர் குறிப்பெடுத்தார். அண்ணி வாசலுக்கு வெளியே ஈரக் கையோடு நின்றாள். அவள் கட்டிக்கொண்டு வந்தவள் என்பதால் சபையில் உறுப்பினர் இல்லை. வந்து பத்தொன்பது வருடம் ஆகியிருந்தது.

முதலில் மகள் எழுந்தாள். 'வால்வு' என்ற சொல் காதுக்குக் கரடுமுரடாக இருக்கிறது, 'மூச்சுத்துளை' என்று சொல்லலாம் என்றாள். இது ஏற்கப்பட்டது. பிறகு மூச்சுத்துளையை மாற்றுவதா, அதனோடு பேசிப் பார்ப்பதா என்று விவாதம் நடந்தது. கதவு யாருடையது என்ற கேள்வி வந்தது. சீட்டு மூலம் பேசிவந்த சகோதரர்கள் நாலு வருடத்தில் முதல் முறையாக நேருக்கு நேர் பேசினார்கள். ஐந்து நிமிடத்தில் கதவிலிருந்து ஏணிக்கும், ஏணியிலிருந்து சின்ன வயதில் இருவருக்கும் பொதுவாக வாங்கித் தந்த சைக்கிளுக்கும் போய்ச் சேர்ந்தார்கள். பெல் யாருக்குச் சொந்தம் என்பதில் இளையவருக்குக் குரல் உடைந்தது. விருந்தாளிகள் கையை உயர்த்தி ஆட்டினார்கள்.

மெக்கானிக் மூன்று முறை எழுந்தார். மூன்று முறையும், சபையில் பேச வேண்டுமானால் முந்தின நாளே பெயர் கொடுத்திருக்க வேண்டும் என்று உட்கார வைத்தார்கள். கடைசியில் மூவர் குழு ஒன்று அமைப்பது, அது மூச்சுத்துளையைப் பதினைந்து நாள் கவனித்து அறிக்கை தருவது என்று தீர்மானமாயிற்று. அதுவரை மெக்கானிக் விருந்தாளியாகத் தங்கலாம் என்று பெரியவர் சொன்னார். நல்ல காற்று, உடம்புக்கு நல்லது என்றார்.

அப்போதுதான் கூடத்திலிருந்த ஒரு பெண் நுனிக்காலில் ஓடி வந்து மகளின் காதில் ஏதோ சொன்னாள். மகளின் முகம் மலர்ந்தது. அப்பாவிடம் குனிந்து, "மலை மூச்சை அடக்கிருச்சுப்பா," என்றாள்.

மெக்கானிக் எழுந்து நின்றுவிட்டார். சபை முழுக்க ஒரு பரவசம். பெரியவர் கண்ணை மூடித் திறந்தார். ஆறு வாரம் நம்மோடு பேசிய மலை இப்போது ஆழ்ந்த மௌனத்துக்குள் போயிருக்கிறது, இது எத்தனையோ வருடத்துக்கு ஒருமுறைதான் வாய்க்கும், ஒரு விருந்தாளிகூட இதைத் தவறவிடக் கூடாது என்றார். மணி அடிக்கச் சொன்னார். எல்லோரையும் கூடத்துக்கு அழைத்து, முடிந்தவரை சுவரோடு நெருக்கி உட்கார வைக்கச் சொன்னார்.

"அந்தச் சுவர் பக்கம் யாரும் போகாதீங்க, வெடிச்சுரும்," என்று மெக்கானிக் தொண்டை கிழியக் கத்தினார். அந்த வளாகம் தொடங்கிய ஒன்பது வருடத்தில் அங்கே யாரும் அப்படிக் கத்தியதில்லை. மகள் ஓடி வந்து அவர் முன்னால் சிவப்பு அட்டையை நீட்டினாள். நடையில் விருந்தாளிகள் வரிசையாக, மெத்தையும் கையுமாகக் கூடத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். இரண்டு பேரைக் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். ஒருவர் புன்னகையோடு கையை விடுவித்துக்கொண்டார். இன்னொருவர், தானும் முதல் நாள் இப்படித்தான் இருந்தேன் என்று ஆறுதல் சொன்னார்.

அவர் படியில் இறங்கி ஓடியபோது அண்ணி ஏற்கெனவே கீழே இருந்தாள். சத்தம் நின்ற செய்தி வாசலில் காதில் விழுந்த கணமே அவள் புரிந்துகொண்டுவிட்டாள். ஜன்னல் வழியாகப் பார்த்தார். முள் சிவப்பைத் தாண்டி, கடைசி ஆணியில் முட்டிக்கொண்டு நின்றது. வால்வில் ஒரு துளி ஆவி இல்லை. சுவருக்குள்ளே பர்னர் உறுமிக்கொண்டிருந்தது.

"டீசல் டேங்க் எங்கே?"

பின்பக்கம், கம்பிக் கூண்டுக்குள் இருந்தது. கூண்டுக்கு ஒரு பூட்டு. சாவி மூத்தவரிடம். மூத்தவர் மாடியில் தீர்மானத்தை நகலெடுத்துக்கொண்டிருந்தார். அண்ணி ஒரு நொடி மாடிப்படியைப் பார்த்தாள். பிறகு கனமான போர்வைகளைத் தொட்டியிலிருந்து நெம்பி எடுக்கும் இரும்புக் கம்பியைத் தூக்கிக்கொண்டு வந்து பூட்டின் வளையத்துக்குள் கொடுத்து ஒரே நெம்பு நெம்பினாள். பூட்டு எகிறி விழுந்தது. மெக்கானிக் உள்ளே புகுந்து டீசல் குழாயின் கைப்பிடியைத் திருகி அடைத்தார். அவள் திரும்ப உள்ளே ஓடி, துவைக்கும் அறையிலிருந்த ஆறு வெந்நீர்க் குழாய்களையும் முழுக்கத் திறந்துவிட்டாள். கொதிக்கிற தண்ணீர் வெள்ளைப் புகையாகத் தரையில் அடித்துச் சாக்கடைக்குப் பாய்ந்தது.

பர்னர் இருமியது. இன்னும் ஒரு முறை இருமியது. நின்றது.

இருவரும் ஜன்னலில் முகத்தை வைத்து முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது நகரவில்லை.  பிறகு முள் ஒரு நடுங்கு நடுங்கி, ஆணியை விட்டு ஒரு மயிரிழை விலகியது. பிறகு இன்னொன்று.

ஈரப் போர்வைகள் மேலேயே இருவரும் உட்கார்ந்துவிட்டார்கள். வெந்நீர் பட்டு அவளுடைய வலது முன்கை தோல் கன்றிச் சிவந்திருந்தது. அதைப் பச்சைத் தண்ணீரில் வைத்துக்கொண்டே அவள் பேசினாள், யாரிடமும் புகார் சொல்வது போல இல்லாமல். "ஆறு வாரம் முன்னாடி நான்தான் முதல்ல சொன்னேன். நான் சொன்னப்ப அதைப் புகார்னு எழுதினாங்க. விருந்தாளி சொன்னப்ப அனுபவம்னு எழுதினாங்க."

பாய்லர் ஆறியதும் பாய்லர் அறையின் பூட்டையும் அவளே உடைத்தாள். காற்றுத் துவாரத்தில் நாலு காய்ந்த குச்சிகள் இருந்தன. கழற்றிய வால்வு உள்ளே சுண்ணாம்புக் கட்டி போல அடைந்திருந்தது. வேலை அரை மணி நேரம்கூட ஆகவில்லை. புது வால்வும் தெர்மோஸ்டாட்டும் மாட்டி, பர்னரை மறுபடி போட்டு, முள் சரியான இடத்தில் நிற்பதை இரண்டு முறை பார்த்தார். ஒரு சத்தமும் இல்லை. தொழிலில் அவருக்குப் பிடித்த கட்டம் அதுதான். அன்று மட்டும் அது இனிக்கவில்லை.

மாலை ஆறு மணிக்கு விசாரணை நடந்தது. அதற்கும் விருந்தாளிகள் வந்திருந்தார்கள். கூடத்தில் அன்று கிடைத்த அனுபவத்தின் களை எல்லோர் முகத்திலும் இருந்தது. மலையின் உடம்புச் சூட்டை முதுகில் உணர்ந்ததாக ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். மெக்கானிக் மீது குரல் உயர்த்தியது, விருந்தாளிகளின் கையைப் பிடித்து இழுத்தது, அனுமதியில்லாமல் மலையின் மூச்சை நிறுத்தியது என்று மூன்று குற்றம். அண்ணி மீது பூட்டுகள். மெக்கானிக் பழைய வால்வை மேஜை மேல் வைத்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். இன்னும் கால் மணி நேரம் போயிருந்தால் அந்தச் சுவரும் அதில் சாய்ந்திருந்தவர்களும் இருந்திருக்க மாட்டார்கள் என்றார். பெரியவர் வால்வைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இதைக் கூடத்தில் மாட்டலாமா என்று மகளைக் கேட்டார். பிறகு மெக்கானிக்கைப் பார்த்து வருத்தத்தோடு தலையை ஆட்டினார்.

"வெடிச்சிருக்கும்னு சொல்றே. ஆனா வெடிக்கலையே மகனே. நடக்காத ஒண்ணுக்காக நடந்திருக்கிற சேதத்தைப் பாரு. ரெண்டு பூட்டு."

 மெக்கானிக் முப்பது வருடத்தில் எத்தனையோ துருவைச் சுரண்டியிருக்கிறார். இதை எங்கே பிடித்துச் சுரண்டுவது என்று தெரியவில்லை.

தண்டனையை மூத்தவர் படித்தார். மெக்கானிக் இனி இந்த வாசலை மிதிக்கக் கூடாது. அண்ணிக்கு, தான் செய்ததைப் பற்றி யோசிப்பதற்காகப் பத்து நாள் மௌனம். படிக்கும்போது அவர் மனைவியைப் பார்க்காமல் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

 கட்டுப்போட்ட கையைத் தாங்கிக்கொண்டு ஓரமாக நின்ற அண்ணி முன்னால் வந்தாள்.

"விதி எல்லாருக்கும் ஒண்ணுதானே மாமா?"

பெரியவர் விருந்தாளிகள் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "ஒண்ணுதான்மா. அதுதான் இந்த வீட்டோட பெருமை," என்றார்.

அவள் மேஜையிலிருந்த விதிப்புத்தகத்தை எடுத்து, பக்கம் தேடாமல் நேராகத் திறந்து, வாய்விட்டுப் படித்தாள். மௌனத்தில் இருப்பவருக்குப் பள்ளத்தாக்கைப் பார்த்த அறை தரப்பட வேண்டும். மூன்று வேளைச் சாப்பாடும் கதவருகே வைக்கப்பட வேண்டும். அவர் கையால் எந்த வேலையும் செய்யக் கூடாது. குடும்பத்தார் உட்பட எவரும் அவரைக் கூப்பிடவோ, கதவைத் தட்டவோ, சைகை செய்யவோ கூடாது.

மகள் பதறிப்போய், அது பதிவு செய்துகொண்டு வருகிறவர்களுக்கான விதி என்று கிசுகிசுத்தாள். ஆனால் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த வயதான விருந்தாளி, காலையில் சுவரோரம் அழுதவர், கையை உயர்த்தி ஆட்டத் தொடங்கியிருந்தார். பக்கத்திலிருந்தவர்களும் உயர்த்தினார்கள். சபை முழுக்கக் கைகள் ஆடின. பெரியவர் அத்தனை கைகளையும் பார்த்தார். வேறு வழியில்லாமல் தானும் இரண்டு கையை உயர்த்தி மெதுவாக ஆட்டினார்.

அண்ணி இடுப்பிலிருந்த ஏப்ரனை அவிழ்த்து நாலாக மடித்துக் கணவன் கையில் வைத்தாள். சாவிப் பலகையிலிருந்து பன்னிரண்டாம் அறையின் சாவியை எடுத்துக்கொண்டாள். மெக்கானிக்கைப் பார்த்து ஒருமுறை தலையசைத்தாள். மௌனம் அந்த நொடியிலிருந்து ஆரம்பமாகிவிட்டது போலிருக்கிறது.

ஏழு மணி ஜீப்பில் மெக்கானிக் இறங்கினார். திரும்பக் கைக்கு வந்த போனில், ஆஸ்பத்திரியிலிருந்து பதினோரு அழைப்புகள் இருந்தன. அங்கே அடுப்பில் பானை பானையாகத் தண்ணீர் காய்ச்சிச் சமாளித்திருந்தார்கள். தலைமை நர்ஸ் அவரை உட்காரக்கூடச் சொல்லவில்லை. மலையில் நடந்ததைச் சொன்னால் இந்த அம்மா நம்புவாளா என்று யோசித்துப் பார்த்துவிட்டு, அவர் ஒன்றும் சொல்லாமல் வேலையை முடித்துக் கொடுத்தார்.

பதினோராம் நாள் காலையில் மூத்தவர் போன் பண்ணினார். குரல் மட்டும் வழக்கமான கிசுகிசுப்பு, ஆனால் மூச்சு இரைத்தது. மெஷினில் மூன்று குமிழ் இருக்கிறது, எதைத் திருகினால் எது என்று கேட்டார். விரிப்புகள் எல்லாம் நீலமாகிவிட்டதாம். தம்பி துண்டுகளைத் தோட்டத்துச் செடி மேல் காயப்போட்டு, அதில் பூச்சி ஏறி, மூன்று பேர் அறையைக் காலி செய்துவிட்டார்களாம். மெக்கானிக்குக்கு இதில் சந்தோஷப்பட வேண்டும் என்று தோன்றியது, ஆனால் வரவில்லை.

மெஷின் விஷயமெல்லாம் உங்கள் வீட்டம்மாவுக்குத்தான் தெரியும், நேற்றோடு பத்து நாள் முடிந்திருக்குமே என்றார்.

 மூத்தவர் சொன்னார். நேற்றுச் சாயங்காலம் கதவுக்கு அடியில் ஒரு படிவம் வெளியே வந்தது. மௌனத்தை நீட்டித்துக்கொள்ள விருந்தாளிகளுக்கு இருக்கிற படிவம். இன்னும் முப்பது நாள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாள். அந்த வயதானவர் இன்னும் ஊருக்குப் போகவில்லை, எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அப்பாவும் ஒப்புதல் கொடுத்துவிட்டார். தினமும் சாப்பாட்டுத் தட்டு காலியாக வெளியே வருகிறது. ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பது தோட்டத்திலிருந்து தெரிகிறது. என்ன நினைக்கிறாள் என்றுதான் தெரியவில்லை.

அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பின்னால் மெஷின் தடதடவென்று குலுங்கும் சத்தம் கேட்டது. அந்த ஓசையை வைத்தே மெக்கானிக்குக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"துணி அதிகமா திணிச்சிருக்கீங்க சார். மெஷினை நிறுத்திட்டுப் பாதியை வெளியே எடுங்க. இல்லைன்னா மோட்டார் போயிரும்."

"சரி," என்றார் மூத்தவர். குலுங்கல் நிற்கவில்லை. அவர் போனை வைக்கவும் இல்லை. உண்மையிலேயே தெரியாமல் கேட்கிற குரலில் கேட்டார்:

"யார் எடுக்கறது?"